வேலியில் ஒரு சங்கு, கரையில் ஒரு பூ

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவின் கிழக்கு வேலி முழுவதும் சங்குப்பூக் கொடிதான். முள்ளுக்கம்பி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஏறிவிட்டது. அம்மம்மா இருந்த காலத்தில் அதைக் காக்கணம்பூ என்பார். விடிந்ததும் ஒரு கைப்பிடி பறித்துப் பிள்ளையார் படத்துக்கு வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். அந்தப் பழக்கம் இப்போது என் மகளிடம் வந்திருக்கிறது. அவள் தரம் 8இல் படிக்கிறாள்.

சாமித் தட்டில் ஒரு சங்கும் இருக்கிறது. ஒரு நாள் பூவைச் சங்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இதில எங்க சங்கு இரிக்கு?"

"வடிவாப் பாரு புள்ள. வாய் சங்கு மாதிரித்தானே."

"சங்கெண்டா சுத்தி இரிக்கும். இது சுத்தவே இல்லையே."

அவள் சொன்னது சரி. நான் மோட்டர் கொயில் சுற்றுகிறவன். கொயில் இணைப்பைத் திருப்பிப் போட்டால் மோட்டர் எதிர்ப்பக்கம் ஓடும். சுற்றும் திசையில் கவனம் வைப்பதுதான் என் சாப்பாடு. சங்குப்பூ என்கிறோமே, அந்தப் பூவில் சுற்று எங்கே என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமையே இருவரும் வேலையைத் தொடங்கினோம். ஐந்து கிழமை எடுத்தது. செய்ததையும் கண்டதையும், தவறிய இடங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வீட்டில் வேலியும் ஒரு உடைந்த சங்கும் இருக்கிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் பூ. எங்கள் வேலியில் இரண்டு வகை நிற்கிறது. ஒன்று பழைய ஒற்றை இதழ்ப் பூ. மற்றது நாற்று விற்கும் இடத்தில் பிறகு வாங்கின அடுக்குப் பூ. அடுக்குப் பூவில் சங்கு என்று சொல்ல எதுவும் இல்லை. இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு சின்ன ரோசாப்போல் அடுக்கி நிற்கும். பெயருக்குச் சொந்தக்காரி ஒற்றைதான். ஆகவே அதையே எடுத்தோம்.

ஒரு சவர அலகால் இதழ்களைப் பிரித்துக் கடுதாசியில் ஒட்டினோம். அவரை, பயற்றை, அகத்தி எல்லாவற்றுக்கும் உள்ள அதே ஐந்து இதழ்தான் இதற்கும்: பெரியது ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாகச் சிறியது இரண்டு, உள்ளே படகு மாதிரி மடங்கின இரண்டு. ஆனால் பயற்றம்பூவைக் கிள்ளிப் பக்கத்தில் வைத்ததும் மகள் வித்தியாசத்தைப் பிடித்துவிட்டாள். பயற்றம்பூவில் பெரிய இதழ் கொடிபோல மேலே நிமிர்ந்து நிற்கிறது. சங்குப்பூவில் அது கீழே, தட்டுப்போல விரிந்து கிடக்கிறது. படகு மேலே இருக்கிறது. முழுப் பூவுமே தலைகீழ். பயற்றம்பூவில் தேனீ படகின்மேல் உட்காரும், மகரந்தம் அதன் வயிற்றில் ஒட்டும். இங்கே தேனீ பெரிய இதழில் இறங்கி உள்ளே நுழையும்போது மேலே இருக்கும் படகு அதன் முதுகில் தேய்க்கிறது. இரண்டு காலை வேலியடியில் குந்தியிருந்து பார்த்தோம். கறுத்த வண்டு ஒன்று முதுகில் வெள்ளைத் தூளோடு வெளியே வந்தபோது மகள் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள்.

அந்தத் தட்டுப்போன்ற பெரிய இதழ்தான் சங்கின் வாய். நடுவில் வெளிறின மஞ்சள் கலந்த வெள்ளை, ஓரம் முழுக்க நீலம், அடியில் போகப்போக ஒடுங்கிக் குழலாகிறது. ஆனாலும் என் கண்ணுக்கு முழுதாக விரிந்த பூவைவிட அரைவிரிவில் பக்கவாட்டாகப் பார்க்கும் பூதான் சங்கு. பெரிய இதழின் இரண்டு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து, காம்புப் பக்கம் கூராகி, வாய்ப்பக்கம் சற்றே திறந்து நிற்கும். அதைப் பார்க்க விடியற்காலையில் எழும்ப வேண்டும். அன்று விரிந்த பூ மறுநாள் சுருங்கிவிடும். பேர் வைத்தவன் விடியலில் வேலியோரம் நின்றவனாக இருக்கவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சங்குக்குப் போவோம். சாமித் தட்டில் இருப்பதை வெட்டமுடியாது. நாவலடிப் பக்கம் கரைவலை இழுக்கிற ஒரு மாமாவிடம் போய்ச் சொன்னேன். வலையில் சில நேரம் செத்த சங்கு ஏறும். ஓரம் உடைந்தது, புழு துளைத்தது, யாரும் வாங்காதது. அப்படி இரண்டை எடுத்து வைத்திருந்தார். உயிருள்ளது வேண்டாம், செத்த ஓடுதான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். காசு வாங்கவில்லை. உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து மகளின் கையில் கொடுத்தார்.

"மகள், சங்குப்பூ பாக்க வந்த எண்டுதானே அப்பா சொன்னவர். இந்தா, இதுதான் சங்குப்பூ."

பேணிக்குள் ஒரு சாண் நீளத்தில், கடாவின் கொம்புபோல் வளைந்து, வளையம் வளையமாக அடுக்கின மஞ்சள் கலந்த மண்நிறப் பொருள் ஒன்று. தொட்டால் காய்ந்த தோல்போல, நகம்போல இருந்தது. அவர் இளம் வயதில் மன்னார்ப் பக்கம் சங்கு குளிக்கப் போனவர். சங்கு முட்டை வைக்கும் கூடு அது. குளிக்கிற ஆட்கள் அதைச் சங்குப்பூ என்றுதான் சொல்லுவார்களாம். தாய்ச்சங்கு ஒரு நுனியை மணலில் ஊன்றி, அறை அறையாகக் கட்டி எழுப்பும். கடலடியில் அது நிமிர்ந்து நிற்கும்போது பூத்த மாதிரித்தான் இருக்கும் என்றார்.

நாங்கள் ஒரு பூவையும் ஒரு சங்கையும் ஒப்பிடப் போனவர்கள். பூவுக்குச் சங்கின் பெயரை வைத்த அதே மொழி, சங்கின் முட்டைக் கூட்டுக்குப் பூவின் பெயரை வைத்திருக்கிறது. எனக்கு அன்று பின்னேரம் முழுக்க வேறு நினைவில்லை.

வீட்டுக்கு வந்து கூட்டை ஒரு முற்றின சங்குப்பூக் காயோடு சேர்த்து வைத்தோம். காய் தட்டையானது, எங்களுடையது ஒன்பது சென்றிமீற்றர், உள்ளே எட்டு விதை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம். கூட்டிலும் அதே ஏற்பாடுதான்: வளையத்துக்கு ஒரு அறை, அறை ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பிளவு. பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத நீந்தும் பருவத்தில் வெளியே வந்து அலையோடு போய்விடும். சங்கு அப்படியில்லை. அறைக்குள்ளேயே ஓடு வளர்ந்து, ஊர்ந்துபோகும் குட்டிச் சங்காகத்தான் அந்தப் பிளவு வழியே வெளியே வரும். ஒரு அறையில் வைத்த முட்டை எல்லாம் குட்டியாவதில்லை. முந்தி வளர்ந்தது பிந்தினதைத் தின்றுதான் வளரும். மகளுக்கு அது பிடிக்கவில்லை. காயில் எட்டு விதையும் ஒன்றுக்கொன்று தொந்தரவில்லாமல் இருக்கின்றன என்று கொப்பியில் தனியாக எழுதி வைத்தாள்.

இங்கே ஊரி பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் கல்லடிப் பாலத்தடியில் வளர்ந்தவனுக்கு நத்தை என்றால் அதுதான் முதல் நினைவு. நிலவு நாளில் வாவியில் கேட்கும் ஓசையைப் பாடும் மீன் என்று உலகம் சொல்கிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே வந்த எமர்சன் தெனந்த் என்ற பிரித்தானிய அதிகாரி மீன்பிடிக்காரரிடம் விசாரித்தபோது, சத்தம் மீனுடையதில்லை, ஓட்டுக்குள் இருக்கும் பிராணியுடையது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தன் காதில் விழுந்த தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, 'அழுகிற ஓடு' என்று பொருளும் போட்டிருக்கிறார். அதை நம் வாயால் வாசித்தால் "ஊரி குளறுகிறது" என்று வருகிறது. என் தகப்பனும் அப்படித்தான் சொல்லுவார். ஊரி வாவியில் வாழும் சின்னன். சங்கு கடலின் மணலடியில் புழு தின்று வாழும் பெரியது. இரண்டும் சுற்றிச் சுற்றி வளரும் நத்தை வகைதான்.

இனி வெட்டு. நாலு அங்குலக் கிரைண்டரில் மாபிள் வெட்டும் டயமண்ட் டிஸ்க் போட்டேன். செய்கிறவர்கள் மூன்று விடயத்தை விடக்கூடாது: முகமூடி, கண்ணாடி, தண்ணீர். சங்குத் தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது. தண்ணீர் ஊற்றி ஊற்றி வெட்டினால் தூள் பறக்காமல் சேறாக வடியும். அந்தச் சேற்றை ஒரு பேசினில் பிடித்து வைத்தோம், பிறகு உதவியது. ஆனால் மின்சாரமும் தண்ணீரும் சேரும் இடம் இது. மகள் ஒரு போத்தல் மூடியில் துளை போட்டுத் தூரத்தில் நின்று சொட்டுச் சொட்டாக விட்டாள். நான் றப்பர் கையுறையும் செருப்பும் போட்டு, ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்துதான் கிரைண்டருக்கு மின் எடுத்தேன். பல் வைத்தியரிடம் கேட்கும் அதே சத்தம், மயிர் கருகும் அதே மணம். ஓடு வெறும் கல் இல்லை, சுண்ணாம்புக்கு நடுவே புரதமும் கலந்திருக்கிறது என்பதற்கு அந்த மணமே சாட்சி.

முதல் சங்கு வீணாய்ப் போனது. வெளியே பார்த்து நடு என்று நினைத்த கோடு நடுவே இல்லை. வாய்ப்பக்கம் பெருத்திருப்பதால் கண் ஏமாறும். பாதியில் நடுத்தண்டு பிளந்து இரண்டாக விழுந்தது. இரண்டாவதை வெட்டமுன் கூர்நுனியிலிருந்து மறுமுனை வால் வரை நூல் பிடித்து, இரண்டு முனையிலும் பேனையால் புள்ளி வைத்து, நூல் போன வழியே கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு நூலளவு வெளியே வெட்டினேன். பிறகு தட்டையான கல்லில் நீர்க்கடதாசி விரித்து நடுத்தண்டு தெரியும்வரை தேய்த்தோம். இரண்டு மணித்தியாலம்.

திறந்தபோது நான் கண்டது ஒரு வைண்டிங். பொய்யில்லை. நடுவில் தண்டு, அதைச் சுற்றி மேலிருந்து கீழே பெருத்துப் பெருத்துப் போகும் அறை. தண்டின்மேல் திருகாணியின் மரைபோல் மூன்று தடித்த மடிப்பு, அதுவும் தண்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இறங்குகிறது. சங்கின் தசை பிடித்துக்கொள்வது அந்தத் தண்டில்தான். வாயோரத்தில் ஓட்டின் தடிப்பு வேர்னியரில் ஆறு மில்லிமீற்றர். பழந்தமிழில் வளை என்றால் சங்கு, வளை என்றால் கையில் போடுவது. குறுக்கே வெட்டினால் வளையல்தான் வரும் என்பதை வீணாய்ப் போன முதல் சங்கின் அடிப்பாகத்தில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன். மகளின் பொம்மைக்கு அளவாக இருந்தது.

ஆக, சங்கின் சுற்று தெரிந்தது. பூவில் சுற்று இல்லை என்பதும் தெரிந்தது. மூன்றாம் கிழமை வரை எங்கள் முடிவு இதுதான்: பெயர் வாயின் வடிவத்துக்காக வந்தது, அவ்வளவே.

அதை மாற்றியது மகள்தான். காய் பறிக்கப் போனவள் கொடியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். "அப்பா, பூ சுத்தல்ல. ஆனா கொடி சுத்திரிக்கு." கமுகஞ்சலாகை ஒன்றை வேலிக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். கொடி அதைச் சுற்றி ஏழு சுற்று ஏறியிருந்தது. பக்கத்துச் சலாகையிலும் அதே. கம்பியிலும் அதே. எல்லாம் ஒரே பக்கம். ஒன்றுகூட மாறி ஏறவில்லை.

எந்தப் பக்கம் என்று எழுதத் தொடங்கினதும் தவறு செய்தோம். இந்தப் பதிவில் அதிகம் சொல்லவேண்டியது இதுதான், ஏனென்றால் கொயில் சுற்றுகிற நானே இங்கே தடுமாறினேன். சங்கின் கூர்நுனியை மேலிருந்து பார்த்துச் சுற்றைத் தொடர்ந்தால், சுற்று மணிக்கூட்டு முள் போகும் பக்கம் போய் வாயில் முடிகிறது. கொடியை மேலிருந்து பார்த்து அது ஏறும் வழியைத் தொடர்ந்தால் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கம். "சங்கும் கொடியும் எதிரெதிர்" என்று மகள் சிவப்புப் பேனையால் எழுதிவிட்டாள். இரவு படுத்தபிறகுதான் எனக்குச் சரியில்லை என்று பட்டது. சங்கில் நாங்கள் கண்ணைவிட்டுத் தூரப்போகும் சுற்றைப் பார்த்தோம். கொடியில் கண்ணை நோக்கி வரும் சுற்றைப் பார்த்தோம். ஒரே சுரையாணியைத் தலைப்பக்கம் நின்று பார்த்தால் ஒரு பக்கம் திரும்பும். நுனிப்பக்கம் நின்று பார்த்தால் மறுபக்கம் திரும்பும். ஆணி மாறுவதில்லை, நாம்தான் இடம் மாறுகிறோம்.

விடிந்ததும் பட்டறையிலிருந்து ஒரு அரை அங்குலச் சுரையாணியை எடுத்துவந்தேன். நிமிர்த்திப் பிடித்து முன்பக்கத்து மரைகளைப் பார்த்தால் அவை இடமிருந்து வலம் மேலே ஏறுகின்றன. இப்போது அதைத் தலைகீழாகப் பிடித்தேன். அப்போதும் இடமிருந்து வலமே ஏறுகின்றன. எப்படித் திருப்பினாலும் மாறாத அடையாளம் இதுதான். மகள் கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள் மட்டும் மாறியது. இந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு வளவு முழுக்கச் சுற்றினோம். சங்கின் வெளிப்புறத்தில் சுற்றும் சுற்றும் சேரும் கோடு இடமிருந்து வலம் ஏறுகிறது. சங்குப்பூக் கொடி, சலாகையின் முன்பக்கத்தில், இடமிருந்து வலம் ஏறுகிறது. சுரையாணியும் அப்படியே. மூன்றும் ஒரே சுற்று.

சிவப்புப் பேனை வரியை வெட்டிவிட்டு மகள் எழுதினாள்: "சங்குப்பூவில் சங்கு இருக்கு. பூவில் இல்லை, தண்டில்."

வலம்புரி, இடம்புரி என்ற பேச்சும் இதோடு தெளிந்தது. நமக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் சங்கு இடம்புரி. ஆனால் விலங்கியல் படித்தவர்கள் அதே சங்கை வலஞ்சுழி என்பார்கள். இரண்டு பேரும் சரி. அவர்கள் கூர்நுனியை மேலே வைத்து, வாயைத் தங்களுக்கு நேரே பிடிக்கிறார்கள். வாய் வலப்பக்கம் வரும். நாம் வாலை மேலே வைத்துப் பிடிக்கிறோம். அதே வாய் இடப்பக்கம் வரும். பிடிக்கிற கை மாறினது, புரி மாறவில்லை. புரி என்றால் முறுக்கு. தும்புக்கயிறு திரிக்கிறவருக்கு இது தெரியும்: தும்பை ஒரு பக்கம் முறுக்கிப் புரியாக்கி, புரிகளை எதிர்ப்பக்கம் முறுக்கிச் சேர்ப்பார். அந்த எதிர்ப்புத்தான் கயிற்றை அவிழாமல் வைத்திருக்கிறது.

உண்மையான வலம்புரி மிக அரிது. அதனால் அதன் பெயரில் ஏமாற்றும் அதிகம். வாங்க நினைப்பவர்கள் இரண்டு விடயம் பார்க்கவேண்டும். ஒன்று, படத்தை நம்பக்கூடாது. சாதாரணச் சங்கின் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டால் வலம்புரி வந்துவிடும். மற்றது, மெக்சிக்கோ வளைகுடாப் பக்கத்துக் கடலில் லைட்னிங் வெல்க் என்று ஒரு நத்தை இருக்கிறது. அது இயல்பிலேயே எதிர்ப்பக்கம் சுற்றுவது. அங்கே அது சாதாரணம். அதைக் கொண்டுவந்து வலம்புரி என்று விற்கிறார்கள். வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். நம் சங்கில் மூன்று நான்கு தடித்த மடிப்பு விரலில் தட்டும். அந்த நத்தையில் தண்டு வழுவழுவென்று இருக்கும். வெட்டின சங்கில் மகள் கண்ணால் பார்த்ததை, சாமித் தட்டுச் சங்கில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் எண்ணினாள். மூன்று.

கொடிகளில் இந்தச் சுற்று அபூர்வமில்லை. உலகில் சுற்றி ஏறும் கொடிகளில் பத்தில் ஒன்பதுக்குமேல் இதே பக்கம்தான் என்று எண்ணிப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வளவில் பயற்றையும் இராசவள்ளியும் அதே. மதிலோரம் நின்ற சிறுவள்ளி மட்டும் எதிர்ப்பக்கம். அதைக் கண்டபோது மகளுக்கு வலம்புரி கிடைத்த சந்தோசம்.

ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. கொடி தன்னைச் சுற்றுவதில்லை, இன்னொன்றைச் சுற்றுகிறது. சலாகையை உருவி எடுத்தால் நடுவில் வெறும் ஓட்டை. மெல்லப் பிரித்து நீட்டிவிடவும் முடியும். சங்கு தன் தண்டைத் தானே உண்டாக்கிக்கொண்டு அதைச் சுற்றுகிறது. பட்டறைப் பாசையில் சொன்னால், ஒன்று அச்சில் சுற்றும் கொயில், மற்றது அச்சையும் சேர்த்தே வார்த்தது.

லின்னேயசு என்ற சுவீடன் அறிஞர் இரண்டுக்கும் அறிவியல் பெயர் வைத்தவர். கொடிக்கு 1753இல், சங்குக்கு 1767இல். கொடியின் பெயரில் 'தெர்னாத்தியா' என்று இந்தோனேசியாவின் தெர்னாத்தே தீவு இருக்கிறது. சங்கின் பெயரில் 'பைரம்' என்று பெயார்ஸ் பழம் இருக்கிறது. இரண்டையும் கையில் எடுத்த ஒரே மனிதருக்கு ஒன்றில் மற்றது தெரியவில்லை. நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான்காம் கிழமை பேசினில் பிடித்த சங்குச் சேற்றுக்கு வேலை வந்தது. அதை மூன்று தரம் கழுவி, வெயிலில் காயவைத்து, துணியில் சலித்தெடுத்தோம். மாவுபோல வெள்ளைத் தூள். இருபத்தைந்து சங்குப்பூவைக் காம்பு நீக்கி 250 மில்லிலீற்றர் கொதிநீரில் பத்து நிமிடம் மூடி வைத்தால் கடும் நீலத் தண்ணீர் வரும். நாலு கிளாசில் ஊற்றினோம். ஒன்று அப்படியே. இரண்டாவதில் தேசிக்காய்ச் சாறு துளித்துளியாக விட, நீலம் ஊதாவாகி, இன்னும் விட, கத்தரிப்பூவைத் தாண்டிச் சிவப்பேறியது. இது பலருக்குத் தெரிந்த விளையாட்டு. அந்தச் சிவப்புக் கிளாசுக்குள் ஒரு தேக்கரண்டி சங்குத் தூளைப் போட்டதும் சோடாப் போத்தல் திறந்த மாதிரி நுரைத்துக்கொண்டு எழும்பியது. சுண்ணாம்புக்கல், முத்து, முட்டைக்கோது எல்லாம் எதனால் ஆனதோ அதே கல்சியம் காபனேற்றுத்தான் சங்கும். புளிப்புப் பட்டால் காபனீரொட்சைட்டு வாயு வெளியேறும். கலக்கிக்கொண்டு இருந்தோம். நுரை அடங்க அடங்கச் சிவப்பு ஊதாவானது. இன்னொரு கரண்டி போட்டோம். கால் மணித்தியாலத்தில் மங்கலான நீலம் திரும்பி வந்துவிட்டது. அடியில் வெள்ளை வண்டல். தேசிக்காயின் புளிப்பைச் சங்கு தின்றுவிட்டது, பூ அதை நமக்குக் காட்டிக்கொடுத்தது.

மூன்றாவது கிளாசுக்கு நீற்றின சுண்ணாம்பு வேண்டும். உடைந்த சங்குத் துண்டுகளைத் தெரிந்த ஒருவரின் கொல்லன் உலையில், சிரட்டைக்கரி நெருப்பில், துருத்தி ஊதி, செங்கனலாக ஒரு மணித்தியாலம் வைத்து எடுத்தேன். ஆறினபிறகு நிறை குறைந்து, சுண்டினால் உடையும் பதத்தில் இருந்தது. ஒரு மண்சட்டியில் வைத்துத் தண்ணீர் தெளித்ததும் சீறிக்கொண்டு வெடித்து மாவாகியது. சட்டியைக் கையால் தொடமுடியாத சூடு. பிள்ளைகளை இந்தக் கட்டத்தில் கிட்ட விடவேண்டாம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மகளை வாசற்படியில் நிறுத்தித்தான் செய்தேன். சுண்ணாம்பு தெளிந்த நீரில் சில துளி விட்டதும் பூத்தண்ணீர் பச்சையானது, நல்ல வாழைக்குருத்துப் பச்சை. இன்னும் கூட்டினால் பச்சை நிலைக்காமல் சிறிது நேரத்தில் மஞ்சளாக வெளிறிவிடும். நாலாவது கிளாசில் சுடாத சங்குத் தூளை மட்டும் போட்டோம், நிறம் அசையவில்லை. அதே சங்குதான், நெருப்புக்கு முன்னும் பின்னும்.

வெற்றிலை போடுகிற பெரியம்மா இதைப் பார்த்துவிட்டு மிச்சச் சுண்ணாம்பைக் கேட்டார். கரியும் சாம்பலும் கலந்தது, வாயில் வைக்கவேண்டாம் என்று கொடுக்கவில்லை.

இதில் வீட்டுக்கு உதவும் ஒன்று கண்டோம். சாமிச் சங்கை மினுக்கத் தேசிக்காயோ பழப்புளியோ தேய்ப்பவர்கள் பலர். ஒரு சங்குத் துண்டின் பாதியைத் தேசிக்காய்ச் சாற்றில் ஒரு இரவு வைத்தோம். காலையில் அந்தப் பாதி சோக்கட்டிபோல மங்கி, விரலில் மாவு ஒட்டியது. மினுக்கம் திரும்பவில்லை. சங்குக்கு நல்ல தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

கடைசிக் கிழமை மகளின் கேள்வி: கொடியை நாம் எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டால் வலம்புரியாகுமா? ஒரு இளங்கொழுந்தைத் தெரிந்தெடுத்து, புதுச் சலாகையில் எதிர்ப்பக்கமாக மூன்று சுற்றுச் சுற்றி, பருத்தி நூலால் இறுக்காமல் கட்டினோம். நுனியில் ஒரு சாண் அளவை விட்டுவிட்டோம். அந்த நுனி சும்மா நிற்கவில்லை. காலை எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்தது, பிறகு வடக்கே, பிறகு மேற்கே; பதினொன்றுக்குள் காற்றில் ஒரு வட்டம் போட்டு முடித்துவிட்டது. பிடிக்க ஏதாவது தேடுகிற கைபோல. மறுநாள் அது சலாகையைத் தொட்டிருந்தது. மூன்றாம் நாள் காலை நூலை வெட்டினோம். நாங்கள் சுற்றின மூன்றில் மேல் இரண்டு தளர்ந்து சரிந்தன. அடிச்சுற்று முற்றிவிட்டதால் அப்படியே நின்றது. அதற்கு மேலே கொடி ஒரு முழங்கைபோல மடங்கித் திரும்பி, தன் பக்கமாக, இடமிருந்து வலம், ஒரு சுற்று ஏறியிருந்தது.

மடங்கின இடத்தில் மகள் சிவப்பு நூல் ஒன்று கட்டிவிட்டாள். இப்போது இலை மூடிவிட்டது, விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். நேற்று அந்த நூலுக்கு மேலே ஆறாவது சுற்றில் முதல் மொட்டு வந்திருக்கிறது. நாளை விடியமுன் எழுப்பச் சொல்லியிருக்கிறாள், அரைவிரிவில் பார்க்க.